தர்மபுரியில் ஒரு சோபா வேட்டை!

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் டெபுடி மேனேஜர்தான்.

ஒகேனக்கல் பார்க்கக் குடும்பத்தோடு வந்த மனிதர், எண்ணெய்க் குளியல் போட்டோமா, மீன் வறுவல் சாப்பிட்டோமா, ஊர் போய்ச் சேர்ந்தோமா என்று இருந்திருக்கலாம். ‘‘வழியிலதானேப்பா உன் வீடு... தலையைக் காட்டிட்டுப் போயிடறேன்’’ என்று தர்மபுரியில் வண்டியைத் திருப்பிவிட்டார். அவர், அவர் மனைவி, மச்சான், மச்சான் மனைவி, இரண்டு வாண்டுகள். ஆக மொத்தம் ஆறு பேர். எங்கள் வீட்டு நாற்காலிகள் மொத்தம் மூன்று. மூன்றும் பிளாஸ்டிக். அதிலும் ஒன்றுக்குப் பின்னங்காலில் விரிசல். அதில் நான் மட்டும்தான் உட்காருவேன். லேசாக இடது பக்கம் சாய்ந்து, வலது காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொள்ள வேண்டும். அது ஒரு வித்தை!

மற்ற இரண்டிலும் பெண்கள் உட்கார்ந்துவிட, மனிதர் நேராக மூன்றாவதை நோக்கி நடந்தார். ‘‘சார்... அது வந்து...’’ என்று நான் ஆரம்பிப்பதற்குள் ‘படக்’!

அவருக்குப் பெரிய அடி இல்லை. அடி எனக்குத்தான். அது அப்ரைசல் மாதம்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பியதும் என் மனைவி இடுப்பில் கை வைத்தபடி சொன்னாள்: ‘‘அடுத்த மாசத்துக்குள்ள இந்த வீட்டுக்கு ஒரு சோபா வரணும். இல்லேன்னா நான் அம்மா வீட்டுக்குப் போறேன். அங்க ரெண்டு சோபா இருக்கு!’’

வேட்டை ஆரம்பமாகிவிட்டது.

நூறு சோபா... ஒரு ஸ்டூல்!

முதலில் டவுனில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் ஷோரூமுக்குப் போனோம். ஏ.சி. குளிர். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோபாக்கள். மெரூன் சோபா, சாம்பல் சோபா, எல் ஷேப் சோபா, பட்டனைத் தட்டினால் காலைத் தூக்கிக் காட்டும் சோபா!

இருபது வயது இருக்கும், ஒரு பெண் சுற்றிக் காட்டினாள். ‘‘ஒக்காந்து பாருங்க சார்... நல்லா சாஞ்சு ஒக்காருங்க’’ என்று ஒவ்வொன்றிலும் உட்கார வைத்தாள். உட்கார்ந்தால் உள்ளே போய்க்கொண்டே இருந்தேன். எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டியதாயிற்று. சும்மா இருக்காமல் குஷனைத் தூக்கி, கீழே ஜிப்பைத் திறந்து பார்த்தேன். வெளியே வெல்வெட். உள்ளே தக்காளிப் பெட்டி செய்கிற பலகை!

என் மனைவி சோபாவைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘‘காலையில எத்தனை மணிக்கும்மா வருவே?’’

‘‘ஒம்பதரைக்குக்கா. போறதுக்கு ராத்திரி ஒம்பதாயிடும்.’’

‘‘ஒக்காரவே மாட்டியா?’’

அவள் சிரித்தபடி தூணுக்குப் பின்னால் கையைக் காட்டினாள். ஒரு ஸ்டூல். ‘‘சட்டம் வந்திருக்குன்னு போட்டிருக்காங்கக்கா. கஸ்டமர் வந்தா மட்டும் ஏந்திரிக்கணும். கஸ்டமர்தான் வந்துகிட்டே இருப்பாங்களே!’’

சட்டம் உண்மைதான். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று கேரளாவில் 2018-ல் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் செய்து சேர்த்தார்கள். மனுஷனுக்கு உட்காரவும் ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது பாருங்கள்! நூறு சோபாவுக்கு நடுவில் அந்தப் பெண் நின்றுகொண்டே எங்களை வழியனுப்பினாள்.

வெளியே வந்ததும் சொன்னேன், ‘‘இந்த பஞ்சு மூட்டையெல்லாம் வேணாம். எங்க தாத்தா வீட்ல ஒரு பிரம்பு சோபா இருந்துச்சு. மூணு பேர் ஒக்காரலாம். பர்மா தேக்கு. கைப்பிடி முனையில தாமரை மொட்டு செதுக்கியிருக்கும். அந்த மாதிரி ஒண்ணு, பழசு, பாத்து வாங்கிடலாம்.’’

‘‘அந்த சோபா எங்கே?’’

இங்கேதான் என் தொண்டை அடைத்தது. பென்னாகரம் பக்கம் எங்கள் கிராமம். தாத்தா அங்கே மணியக்காரர். 1994-ல், அவர் போய்ச் சேர்ந்த மறு வருஷம், பழைய சாமானுக்குப் பிளாஸ்டிக் சாமான் கொடுக்கிற சைக்கிள்காரர் தெருவில் வந்தார். பிரம்பு கிழிந்து திண்ணையில் கிடந்த சோபாவை அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு, எங்கள் வீட்டில் வாங்கிக்கொண்டது இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி! சிவப்பு கலர். நான்தான் ‘சிவப்பு வேணும்’ என்று அடம்பிடித்தேன். எனக்கு அப்போது எட்டு வயது.

மனைவி கொஞ்ச நேரம் பேசாமல் வந்தாள். பிறகு கேட்டாள்: ‘‘உங்க பாட்டி அதுல ஒக்காந்து நீங்க பாத்திருக்கீங்களா?’’

யோசித்தேன். பாட்டி அடுப்படியில் மணைப்பலகையில் உட்கார்ந்திருப்பாள். வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவுவாள். சோபாவில்..? ஞாபகம் வரவில்லை. ‘‘ஒக்காந்திருப்பாங்க...’’ என்று இழுத்தேன்.

‘‘ம்...’’ என்றாள். இந்த ‘ம்’மை மட்டும் இதுவரை எந்தப் புருஷனும் மொழிபெயர்த்ததில்லை!

ஒரே ஒரு நாற்காலி துரை!

தர்மபுரியில் பழைய நாற்காலி தேடுவது, ஐப்பசியில் மாம்பழம் தேடுகிற மாதிரி. இடித்த வீட்டு சாமான்கள் விற்கிற கடைகளில் ஏறி இறங்கினேன். வாசக்கால் இருந்தது, ஜன்னல் இருந்தது, நாலு பேர் தூக்க வேண்டிய கதவு இருந்தது. உட்காருவதற்கு மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு கடைக்காரர் பல் குத்தியபடியே விளக்கினார்.

‘‘நல்ல சாமான் இங்க நிக்காது சார். ஹைவேஸ்ல ஏத்துனா ரெண்டரை மணி நேரத்துல பெங்களூரு. அங்க காபி கடைக்காரங்க, ஓட்டல்காரங்க வாங்கிக்கறாங்க. நம்ம ஜனங்களும் அங்கதானே போறாங்க, கட்டட வேலைக்கு! ஆளும் போயிடுச்சு, ஆளு ஒக்காந்த நாற்காலியும் போயிடுச்சு!’’

இந்த ஊருக்கு நாற்காலி ராசி கிடையாதோ என்று சரித்திரத்தைப் புரட்டினால், சுவாரஸ்யமான ஆள் ஒருவர் மாட்டினார். தாமஸ் மன்றோ. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் சீமை கம்பெனி கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக வந்து 1799 வரை இந்தப் பக்கம் வரி வசூல் வேலை பார்த்தவர். தர்மபுரியில்தான் குடியிருந்தார். அதற்கு முன்னால் அவர் சாதாரண ராணுவ அதிகாரி. வேலூரில் இருந்த தன் வீட்டைப் பற்றி சகோதரிக்கு எழுதிய கடிதத்தில், கூடத்தில் இருப்பது ஒரே ஒரு மேஜை, படுக்கை அறையில் தான் உட்கார்ந்து எழுதுவது தன்னிடமுள்ள ஒரே நாற்காலியில் என்று சொல்கிறார். என்னைவிட இரண்டு நாற்காலி கம்மி!

அதே மன்றோ 1820-ல் சென்னை மாகாண கவர்னரானார். சென்னை தீவுத்திடல் பக்கம் போனால், குதிரை மேல் சிலையாக இருக்கிறாரே, அவர்தான். அந்தக் குதிரையைக் கவனித்திருக்கிறீர்களா? சேணம் கிடையாது, கால் வைக்கிற வளையமும் கிடையாது. ஒரே நாற்காலியோடு ஆரம்பித்த மனுஷனுக்குச் சிலையிலும் சரியான ஆசனம் அமையவில்லை பாவம்!

ஆனால், அவருக்குப் பின்னால் வந்த துரைமார்கள் நாற்காலியின் மகிமையை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். வட இந்தியாவில் ‘குர்சி நஷீன்’ என்று சர்டிபிகேட்டே கொடுத்தார்கள். அதாவது, ‘இவர் துரை முன்னிலையில் நாற்காலியில் உட்காரத் தகுதி உள்ளவர்’ என்று கையெழுத்துப் போட்ட காகிதம். அதற்கு அப்படி ஒரு கிராக்கி!

சிரிக்காதீர்கள். நம் ஆபீஸ் மட்டும் என்ன வாழ்கிறது? கிளார்க்குக்குக் கை இல்லாத நாற்காலி. சூப்பிரண்டு ஆனால் கை முளைக்கும். அதற்கும் மேலே போனால் சுழலும். இன்னும் மேலே போனால் முதுகில் வெள்ளைத் துண்டு விழும்! ஆள் லீவில் போனாலும் அந்தத் துண்டு அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கும். நாற்காலி என்பது உட்காருவதற்கு என்று யார் சொன்னது? மற்றவர்களை நிற்க வைப்பதற்கு சார்!

காரைக்குடியில் பாடம்

‘‘பழைய சாமான்னா காரைக்குடி போங்க சார்’’ என்று பல்குத்திக் கடைக்காரரே வழி சொன்னார். இரண்டாம் சனிக்கிழமை விடியற்காலை கிளம்பினேன். சேலம், திருச்சி, புதுக்கோட்டை என்று பஸ் மாறி மாறி உட்கார்ந்து, காரைக்குடியில் இறங்கும்போது உட்காருகிற ஆசையே எனக்குப் போய்விட்டிருந்தது.

முனீஸ்வரன் கோயில் தெரு. பழைய பொருள் பிரியர்களுக்கு அது திருப்பதி மாதிரி. கடைக்குக் கடை வாசலிலேயே பீங்கான் ஜாடி, எனாமல் தட்டு, ரவிவர்மா படம், பித்தளை வெற்றிலைப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி. உள்ளே நுழைந்தால் கூரை வரைக்கும் நாற்காலிகள், ஒன்றன் மேல் ஒன்று கால் தூக்கி நின்றன.

இவ்வளவும் எங்கிருந்து வந்தன? நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று போய் வட்டித்தொழில் செய்து சம்பாதித்து, சொந்த ஊரில் அரண்மனை மாதிரி வீடு கட்டினார்கள். பர்மாவிலிருந்து தேக்கு கப்பல் கப்பலாக வந்தது. பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்தத் தொழில் நொறுங்கிப்போனது. பிறகு பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். ஒரு வீட்டுக்குப் பத்துப் பங்காளி, இருபது பங்காளி. பராமரிக்க முடியாத வீடுகள் பல இடிபட்டன. தூண் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கமாகப் பிரிந்து இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தன.

ஒரு கடைக்காரர், ‘‘வாங்கண்ணே’’ என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். ‘வாங்காட்டியும் பரவாயில்லை, தெரிஞ்சுக்கங்க’ என்று அவர் நடத்திய பாடம், உங்களுக்கும் உதவும். ஐநூறு ரூபாய்க்கு டியூஷன் வைத்தாலும் இது கிடைக்காது:

முதல் காரியம், நாற்காலியைக் குப்புறக் கவிழ்க்க வேண்டும். மேல்பக்கம் எல்லாருக்கும் பாலிஷ் போட்டிருப்பான். அடிப்பக்கம்தான் ஜாதகம். பழைய மரம் அடியில் காய்ந்து, மங்கி, ஒரே சீராகக் கறுத்திருக்கும். அங்கேயும் பளபளவென்று சாயம் பூசியிருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது, இணைப்பு. அந்தக் கால ஆசாரி ஒரு கட்டையில் துளை போட்டு, இன்னொன்றில் நாக்கு மாதிரி செதுக்கி உள்ளே இறக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார். ஸ்க்ரூ இருந்தால் அதன் தலையைப் பாருங்கள். ஒற்றைக் கோடு என்றால் சரி. கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930-களில்தான் அமெரிக்காவில் வந்தது. ‘இது எங்க முப்பாட்டன் காலத்து சாமான்’ என்று சொல்லும் நாற்காலியில் அது இருந்தால், ஒன்று ரிப்பேர் ஆகியிருக்கிறது, இல்லை முப்பாட்டன் போன வருஷம்தான் பிறந்திருக்கிறார்!

மூன்றாவது, தேய்மானம். கை படுகிற இடம், கால் உரசுகிற முன் சட்டம், இரண்டும் வழவழவென்று தேய்ந்திருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரே மாதிரி ‘பழசாக’ இருந்தால், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பழசாக்கியது.

நாலாவது, ஓட்டை. பூச்சி ஓட்டை பழசாக இருந்தால் பரவாயில்லை. தட்டிப் பாருங்கள். மைதா மாவு மாதிரி தூள் கொட்டினால் உள்ளே இன்னும் குடித்தனம் நடக்கிறது. அப்படியே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஐந்தாவது, பிரம்பு. அசல் பிரம்பை ஊறவைத்து, நெட்டுக்கு, குறுக்குக்கு, மூலைக்கு மூலை என்று துளைத் துளையாகக் கோத்துப் பின்னுவார்கள். ஆறு சுற்று. கடைசியில் ஓரம் கட்டுவார்கள். இப்போது ரோல் ரோலாக விற்கிற ரெடிமேட் பின்னலைப் பள்ளத்தில் வைத்துப் பசை போட்டு அமுக்கிவிடுகிறார்கள். ஒயரில் பின்னியதும் உண்டு. ஓரத்தில் வரிசையாகத் துளை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தடவி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் சர்க்கார் ஆபீஸ், ரயில்வே நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னியவர்களில் நிறையப் பேர் பார்வையில்லாதவர்கள். அவர்களுக்கான பள்ளிகளில் அது ஒரு தொழிலாகவே கற்றுத் தரப்பட்டது. துளையை விரலால் எண்ணி எண்ணிக் கோப்பார்கள். எத்தனையோ அதிகாரிகளை உட்கார வைத்த கைகள், அந்த அதிகாரிகளைப் பார்த்ததே இல்லை.

கடையின் மூலையில், வளைந்த முதுகு உள்ள ஒரு நாற்காலியைக் காட்டி, ‘‘இது நம்ம ஊர் இல்லண்ணே, வியன்னா’’ என்றார். தோனெட் கம்பெனி 1859-ல் கொண்டுவந்த நாற்காலி ஜாதி அது. மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்து, ஆறே துண்டாகச் செய்து, கப்பலில் அனுப்பினார்கள். ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி! போய்ச் சேருகிற ஊரில் ஸ்க்ரூ முறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். பம்பாய் இரானி ஓட்டல்களில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசியில் நான் தேடி வந்ததும் இருந்தது. மூன்று பேர் உட்காரும் பிரம்பு சோபா. கவிழ்த்தேன், தட்டினேன், தடவினேன். பாடப்படி எல்லாம் பாஸ்.

‘‘முகப்புல கிடந்ததுண்ணே. வீட்டு ஆம்பளையாளுக பேப்பர் படிக்கிறது, கணக்குப் பாக்குறது எல்லாம் இதுலதான். நாப்பத்தஞ்சு போடுவேன், உங்களுக்கு முப்பத்தெட்டு.’’

நூறுகளில் இல்லை. ஆயிரங்களில்! அதோடு தர்மபுரிக்கு வண்டிச் சத்தம் தனி. என் பையில் இருந்தது பதினைந்து.

‘‘ஆச்சிமார்கள் இதுல ஒக்காருவாங்களா?’’ திடீரென்று கேட்டுவிட்டேன். எல்லாம் அந்த ‘ம்’ செய்த வேலை.

அவர் சிரித்தார். ‘‘அவுக எங்கண்ணே முகப்புக்கு வர்றது? உள்ளே வளவுலதான் இருப்பாக.’’ பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, ‘‘இவ்வளவு தூரம் வருவானேன்? உங்க சேலம், தர்மபுரிப் பக்கம் மிட்டாதார் வீடெல்லாம் இருந்துச்சில்ல? மணியக்காரர் வீட்டுச் சாமானே எங்கிட்டாவது கிடக்கும். ஊருக்குள்ள விசாரிங்க’’ என்றார்.

மணியக்காரர் வீட்டுச் சாமான்! சுருக்கென்றது.

பென்னாகரம் டீக்கடை

அடுத்த ஞாயிறு, கிராமத்துக்குப் போனேன். ஊர் மாறியிருந்தது. தாத்தா வீட்டை விற்று வருஷமாயிற்று. அந்தத் திண்ணையை இடித்து, மோட்டார் பைக் ஏற சாய்தளம் கட்டியிருந்தார்கள். ‘‘சைக்கிள்ல பிளாஸ்டிக் சாமான் விப்பாரே, அவர் இருக்காரா?’’ என்று விசாரித்தால், ‘‘அவர் போயி பத்து வருசமாச்சே’’ என்றார்கள். கூடவே ஒரு தகவல்: ‘‘உங்க தாத்தாகிட்ட வேலை பாத்தாரே, அவர் இருக்காரு. பென்னாகரம் ரோட்ல டீக்கடையில இருப்பாரு, பாருங்க.’’

டீக்கடை தென்னங்கீற்றுப் பந்தலில் இருந்தது. பெரியவர் என்னைப் பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டார். ‘‘மணியக்காரர் பேரந்தானே! வா தம்பி!’’

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், கூச்சம் ஒரு பக்கம். என் தாத்தாவை அவர் ‘சாமி’ என்பார். என் அப்பாவைக்கூட ‘சின்ன சாமி’ என்பார். எட்டு வயசுப் பொடியன் நான், தாத்தா வயசில் பாதிக்கு மேலிருந்த அந்த மனுஷனைப் பேர் சொல்லி, ‘ஏய், இங்க வா’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. இன்று என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தடுமாறி, ‘‘நல்லாயிருக்கீங்களா ஐயா?’’ என்றேன். அவர் அதைக் கவனித்தாரா, தெரியவில்லை. நகர்ந்து இடம் கொடுத்தார்.

‘‘ஒக்காரு தம்பி.’’

உட்கார்ந்தேன். டீ வந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். ‘‘எங்க வீட்டுத் திண்ணையில ஒரு பிரம்பு சோபா கிடக்குமே... உங்களுக்கு ஞாபகம் இருக்கா?’’

‘‘ஞாபகம் இல்லாமயா? தெனம் காலையில அதைத் தொடைக்கிறதுதானே என் மொத வேலை. தாசில்தாரு வந்தா வேப்பமரத்தடிக்குத் தூக்கிட்டுப் போய்ப் போடணும். போனதும் திரும்பத் தூக்கிட்டு வரணும். அந்த பாரம் இருக்கே... தோள்பட்டை எறங்கிடும். முப்பது வருசம் தூக்கியிருக்கேன்.’’

‘‘அது எங்க போச்சுன்னு தெரியுமா?’’

பெரியவர் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். ‘‘நீ அது மேலதான் தம்பி ஒக்காந்திருக்க!’’

தூக்கிவாரிப் போட்டது. எழுந்து பார்த்தேன். பிரம்பு இருந்த இடத்தில் ஒரு வேங்கைப் பலகை ஆணி அடித்திருந்தது. முதுகில் பிரம்பே இல்லை, வெறும் சட்டம். மழையிலும் வெயிலிலும் மரம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. ஆனால், கைப்பிடி முனையில் தாமரை மொட்டு. வலது கைப்பிடியில், தாத்தாவின் சுருட்டு சுட்ட கறுப்பு வடு. குனிந்து அடிப்பக்கம் தடவினேன். மர ஆணி. காரைக்குடிப் பாடம் முழுக்க பாஸ்!

‘‘சைக்கிள்காரன் இதைக் கொண்டுபோக முடியாம இங்கயே தள்ளிட்டுப் போயிட்டான். அப்பத்துலேருந்து இங்கதான் கெடக்கு’’ என்றார் டீ மாஸ்டர்.

அவசர அவசரமாகப் பேரம் ஆரம்பித்தேன். ‘‘அண்ணே, இதை எனக்குக் குடுத்துடுங்க. புதுசா ரெண்டு பெஞ்சு வாங்கித் தர்றேன். மேல பத்தாயிரம் ரூபா.’’

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு பெரியவரைப் பார்த்தார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தத் தாமரை மொட்டை உள்ளங்கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தார். தேய்ந்து தேய்ந்து அந்தப் பக்கத்து மொட்டு வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது.

பிறகு மெதுவாகச் சொன்னார். ‘‘உங்க வீட்ல முப்பது வருசம் இதைத் தொடைச்சேன். ஒரு நாளும் இது மேல ஒக்காந்ததில்ல. ஒக்காரணும்னு தோணுனதும் இல்ல, அப்படி ஒரு நெனப்பே வராது. முன்னெல்லாம் டீக்கடையிலயும் எங்களுக்குத் தனி கிளாஸு, வெளிய நின்னுகிட்டுதான் குடிக்கணும். எங்க தெருவுக்கு மொத நாற்காலி வந்ததே பிளாஸ்டிக் நாற்காலிதான். பெரியவன் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தோம், நூறு நாற்காலி. உங்கப்பா வந்தாரு. அவருக்கும் அதே நாற்காலி, எனக்கும் அதே நாற்காலி. அப்புறம் ஒரு நாள் இங்க டீ குடிக்க வந்தேன். பாத்தா, இது கெடக்கு! யாரும் இல்ல. ஒக்காந்து பாத்தேன்...’’

‘‘எப்படி இருந்துச்சு?’’

‘‘அட, பலகை தம்பி! பலகை எப்படி இருக்கும்?’’ என்று பொக்கை வாய் திறந்து சிரித்தார். ‘‘ஆனா, அன்னையிலேருந்து தெனம் காலையில ஆறு மணிக்கு வந்துடறேன்.’’

எனக்குப் பேச்சு வரவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்! பிரான்ஸில் 1972-ல் ஹென்றி மசோனே என்பவர் ஒரே அச்சில் வார்த்து எடுத்த மாதிரி நாற்காலியிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய சாமான் அது. அழகு கிடையாது. ஆயுசும் கம்மி, எங்கள் டெபுடி மேனேஜரைக் கேட்டால் சொல்வார். ஆனால், அதில் பெரிய நாற்காலி, சின்ன நாற்காலி கிடையாது. துண்டு போட்டாலும் வழுக்கிக் கீழே விழுந்துவிடும்!

நான் காரைக்குடி வரை தேடிப் போனது மரத்தையா, பிரம்பையா? திண்ணையில் தாத்தா கால் நீட்டி உட்கார்ந்திருந்த அந்தக் காட்சியை. அதே காட்சியில் பாட்டி வாசல்படியில் இருந்தாள். இவர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். சோபாவை மட்டும் வெட்டி எடுத்து ஞாபகத்தில் மாட்டி வைத்திருக்கிறேன்.

‘‘என்னா தம்பி, எடுத்துக்கறியா? உங்க வீட்டு சாமான்தானே’’ என்றார் பெரியவர்.

‘‘வேணாம் ஐயா. இங்கயே இருக்கட்டும்’’ என்றேன். மாஸ்டர் மறுபடி டீ ஆற்ற ஆரம்பித்தார். இன்னொரு டீ சொல்லி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டுக் கிளம்பினேன். காசை அவர்தான் கொடுத்தார். விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். ‘‘ம்...’’ என்றாள். இந்த முறை அதன் அர்த்தம் புரிந்த மாதிரி இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பெஞ்சு இருக்கிறது. பல்குத்திக் கடைக்காரரிடம் பழைய தேக்கு உத்திரம் ஒன்று வாங்கி, இங்கேயே ஒரு ஆசாரியிடம் கொடுத்துச் செய்தது. முதுகு சாயலாம், மூன்று பேர் உட்காரலாம், மர ஆணிதான், ஸ்க்ரூ கிடையாது. மொத்தம் பதினாலாயிரத்து இருநூறு. செதுக்கல் ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன்.

அது வந்து இறங்கிய அன்று சாயங்காலம், மனைவி காபியோடு போய் நடுவில் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்று, காலை ஆட்டிப் பார்த்து, அடியில் குனிந்து பார்த்து, கைப்பிடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘‘எதுக்குங்க நின்னுக்கிட்டு?’’ என்றபடி நகர்ந்து இடம் விட்டாள். ‘‘ஒக்காருங்க!’’